மழை நாளில் சாக்கடை ஏறுகிறதா? முதலில் மணியைப் பாருங்கள்

மழைக்குக் கழிவுநீர் வீட்டுக்குள் வருகிறது என்று யார் வந்து சொன்னாலும் நான் முதலில் கேட்பது, மழை எத்தனை மணிக்குப் பிடித்தது, தண்ணீர் எத்தனை மணிக்கு ஏறியது என்பதுதான். பெரும்பாலும் பதில் இருக்காது. "அடைப்புங்க, லாரி வரச் சொல்லணும்" என்பார்கள். லாரி வரும், ஜெட் ராடிங் அடிப்பார்கள், அதாவது குழாய்க்குள் அழுத்தமாகத் தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பை எடுப்பார்கள், கொஞ்சம் மண்ணும் கந்தல் துணியும் வெளியே வரும், எல்லோரும் நிம்மதியாகக் கலைந்து போவோம். அடுத்த மழைக்கு மறுபடியும் அதே கணுக்கால் அளவு தண்ணீர். ஏனென்றால் பல தெருக்களில் அது அடைப்பே இல்லை, குழாய் நன்றாகத்தான் இருக்கிறது. வரக்கூடாத தண்ணீர் அதற்குள் வருகிறது, அது எந்த வழியாக வருகிறது என்பதை நேரம் காட்டிக்கொடுத்துவிடும்.

நான் தென்சென்னையில் தாழ்வான ஒரு தெருவில் தரைத்தளத்தில் இருக்கிறேன், குடியிருப்போர் சங்க வேலையும் பார்க்கிறேன். கீழே உள்ளது முழுக்க சென்னையை வைத்து எழுதியது. வேறு ஊராக இருந்தால் முதலில் அங்கே கழிவுநீருக்கும் மழைநீருக்கும் ஒரே குழாயா, தனித்தனியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கொல்கத்தாவின் பழைய பகுதியிலும் லண்டனிலும் இரண்டும் ஒரே குழாயில் போகும், பெருமழைக்கு அது ஆற்றில் வழிய வழியும் வைத்திருப்பார்கள். லண்டனில் அப்படி வழிவதைப் பிடிக்கத்தான் தேம்ஸை ஒட்டி 25 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சுரங்கமே போட்டார்கள். சென்னையில் அப்படி இல்லை. கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்துடையது, அதாவது நாம் மெட்ரோ வாட்டர் என்று சொல்வது. மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. இரண்டும் சேரவே கூடாது.

சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரே ஒரு கணக்கு. கழிவுநீர்க் குழாயின் அளவை முடிவு செய்யும்போது ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் 80 சதவீதம் கழிவாகத் திரும்பும் என்று எடுத்துக்கொள்வார்கள். காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் குளிப்பதற்காகச் சராசரியைப் போல 2 முதல் 3 மடங்கு வரை இடம் விடுவார்கள். நிலத்தடி நீர் கசிவுக்கும் கொஞ்சம் சேர்ப்பார்கள். மழைக்கென்று ஒரு சொட்டுக்கும் இடம் கிடையாது.

நான்கு பேர் உள்ள வீடு என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 430 லிட்டர் கழிவுநீர். அதே வீட்டுக்கு 1,000 சதுர அடி மொட்டைமாடி இருந்து, ஒரு மணி நேரத்தில் 5 சென்டிமீட்டர் மழை கொட்டினால் மாடியிலிருந்து மட்டும் 4,600 லிட்டருக்கு மேல் இறங்கும். கிட்டத்தட்ட 11 நாள் கழிவுநீர், ஒரே மணி நேரத்தில். தெருவில் கிடக்கும் 8 இன்ச் குழாய் வழக்கமான சரிவில் நொடிக்குச் சுமார் 20 லிட்டர் கொண்டு போகும். பதினாறு வீட்டு மாடித் தண்ணீர் போதும், குழாய் நிரம்பிவிடும், அப்புறம் கழிவுநீருக்கு எங்கே வழி?

இதை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் வீட்டு அறிகுறிக்கு வாருங்கள்.

மழை பிடித்த கால் மணி நேரத்தில் ஏறுகிறது, மழை விட்டதும் இறங்கிவிடுகிறது

இதுதான் எங்கள் வீட்டில் நடந்தது. ஒரு நோட்டில் எழுதி வைத்தேன்: 6.10 மழை. 6.25 பாத்ரூம் நாணி ட்ராப்பில் (தரைத் தண்ணீர் இறங்கும் ஓட்டை) குளுக் குளுக் என்று காற்று வரும் சத்தம். 6.40 வாசல் சேம்பர் (வீட்டுக் கழிவுநீர் தெருக் குழாய்க்குப் போகும் முன் சேரும் குழி) மூடியின் விளிம்பு வரை தண்ணீர். 7.30 மழை விட்டது. 8.05 சேம்பர் பாதியாக இறங்கிவிட்டது. அடைப்பு என்றால் இப்படி அரை மணியில் தானாக இறங்காது. இவ்வளவு வேகமாக வருவது மேலேயிருந்து நேராகக் குழாய்க்குள் விழும் தண்ணீர்தான், அதாவது மொட்டைமாடி, போர்ட்டிகோ, கார் நிறுத்தும் இடம், வீட்டைச் சுற்றி விட்ட சந்து.

கண்டுபிடிக்க மழை இல்லாத ஒரு மதிய நேரம் பாருங்கள், யாரும் குளிக்காத, துவைக்காத நேரம். வாசல் சேம்பரைத் திறந்து வைத்து ஒருவர் நிற்கட்டும். இன்னொருவர் மாடியில் மழைத்தண்ணீர் இறங்கும் ஓட்டையில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றட்டும். தண்ணீரில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைத் தாராளமாகக் கலந்துகொள்ளுங்கள். எங்கள் வீட்டில் நான் கீழே நின்றேன், மகன் மேலே ஊற்றினான். இருபது நொடி இருக்கும். சேம்பரின் இடது பக்கத்தில், சிமென்ட் பூச்சுக்குள் பாதி மறைந்திருந்த ஒரு 4 இன்ச் பைப்பிலிருந்து ஊதா நீலத்தில் தண்ணீர் வந்து விழுந்தது. அந்த வீட்டில் அத்தனை வருடம் இருந்தும் அந்தப் பைப் எங்கிருந்து வருகிறது என்று நான் யோசித்ததே இல்லை. வீடு கட்டிய காலத்தில் தெருவில் மழைநீர் வடிகால் கிடையாது, கொத்தனார் பக்கத்தில் இருந்த குழியில் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஒவ்வொரு மாடி ஓட்டைக்கும் தனித்தனியாக ஊற்றிப் பாருங்கள், ஒன்று சரியாகப் போகிறது என்பதற்காக மற்றதும் சரி என்று விட்டுவிடாதீர்கள். வாசல் கார் சரிவின் அடியில் இருக்கும் ஜாலியையும் மறக்கவேண்டாம், பல அடுக்குமாடிகளில் மாடிப் பைப் ஒழுங்காக இருக்கும், பேஸ்மென்ட் தண்ணீரை இறைக்கும் மோட்டார் பைப் மட்டும் கழிவுநீர்ச் சேம்பரில் கிடக்கும்.

சரி செய்வது எளிது. அந்தப் பைப்பைச் சேம்பரிலிருந்து வெட்டி, வாயைக் காங்கிரீட்டால் அடைத்து, தண்ணீரை மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்கோ உறை கிணற்றுக்கோ திருப்புங்கள். 2003-லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆகிவிட்டது, ஆகவே தொட்டி ஏற்கனவே எங்காவது இருக்கும், மண் மூடியிருக்கும், தோண்டிச் சுத்தம் செய்தாலே போதும். மிஞ்சுவது மழைநீர் வடிகாலுக்குப் போகட்டும்.

ஆனால் ஒரு வீடு மட்டும் செய்தால் போதாது. நாங்கள் செய்து முடித்த பிறகும் அடுத்த மழையில் தண்ணீர் ஏறியது, வேகம் மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது. அப்புறம்தான் நீலப் பாட்டிலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனோம். மாடி வீட்டுக்காரர்களுக்குத் தங்கள் வீட்டில் தண்ணீர் ஏறாததால் இது தங்கள் பிரச்சினை என்று தெரிவதில்லை, கோபித்துக்கொள்ளாமல் சேம்பருக்கு அருகே அழைத்து நிறுத்தி நீலத்தைக் காட்டுங்கள், பேசிப் புரியவைப்பதைவிட அது வேகமாகப் புரியும்.

நன்றாகத்தான் இருந்தது, திடீரென்று ஒரே வீச்சில் பொங்கியது

தெருவில் முழங்கால் அளவுத் தண்ணீர் நிற்கும்போது, மணிக்கணக்காக இல்லாமல் பத்து நிமிடத்தில் ஏறினால், பக்கத்தில் எங்கோ மேன்ஹோல் மூடியைத் திறந்திருக்கிறார்கள். தெருத் தண்ணீர் வடியட்டும் என்று நல்லெண்ணத்தில் செய்வார்கள். எங்கள் தெருவிலும் செய்திருக்கிறார்கள், அந்த நேரத்துத் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம் உள்ள தெருவில் ஒரு அடி தண்ணீர் நின்றால் அது சுமார் 1,80,000 லிட்டர். 8 இன்ச் குழாய் முழுக்கக் காலியாக இருந்தால்கூட அதை இழுக்க இரண்டரை மணி நேரம் ஆகும். மழை நேரத்தில் அது காலியாக இருப்பதே இல்லை. ஆகவே இங்கே இறங்கிய தண்ணீர், நம்மைவிடத் தாழ்வான அடுத்த தெருவில் ஒருவருடைய கழிப்பறை வழியாக, கழிவோடு சேர்ந்து மேலே வருகிறது. கூடவே தெருவில் மிதந்த பிளாஸ்டிக் கவர், தேங்காய் மட்டை, மணல் எல்லாம் உள்ளே போய், மழை விட்ட பிறகு உண்மையான அடைப்பாக உட்கார்ந்துகொள்கிறது.

அதைவிடப் பெரிய விஷயம், கலங்கிய தண்ணீருக்கு அடியில் திறந்த மேன்ஹோல் கண்ணுக்குத் தெரியாது. நடந்து வரும் பிள்ளை அதில் கால் வைத்தால் முடிந்தது. மூடி திறந்திருப்பது தெரிந்தால் அங்கே ஒரு நீளமான கம்பையோ மரக்கிளையையோ நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிட்டு, ஒருவர் நின்று ஆட்களைத் திருப்பிவிடுங்கள், மூடியைப் போடும் வரை நகராதீர்கள். தெருவில் நிற்கும் தண்ணீருக்கு மாநகராட்சியின் 1913-க்கும், கழிவுநீருக்கும் மூடிக்கும் வாரியத்தின் 1916-க்கும் பேசுங்கள். இரண்டையும் குழப்பி ஒரே இடத்தில் சொன்னால் மணிக்கணக்கில் அலைய நேரும்.

தெருவில் பொங்கவில்லை, எங்கள் பாத்ரூமில் மட்டும் வருகிறது

இதற்குப் பதில் குழாயில் இல்லை, சாலையில் இருக்கிறது. பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே போட்டுப் போட்டு, வீட்டுக்கு இறங்கிப் போகும் நிலைமை சென்னையில் எத்தனையோ தெருக்களில் உண்டு. சாலை உயரும்போது மேன்ஹோலின் வாயையும் உயர்த்துவார்கள். குழாய் நிரம்பிவிட்டால் தண்ணீர் எங்கே வாய் தாழ்வாக இருக்கிறதோ அங்கேதான் முதலில் வெளியே வரும். உங்கள் பாத்ரூம் தரை மேன்ஹோல் மூடியைவிடத் தாழ்வாக இருந்தால், தெருவுக்கு முன்னால் உங்கள் வீடு.

கொத்தனார் மட்டம் பார்க்கும் தெளிவான டியூபை வாங்கி, அதில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை மேன்ஹோல் மூடிக்கு நேராகவும் மறுமுனையை பாத்ரூம் வாசலிலும் பிடித்துப் பாருங்கள். எங்கள் தரை 7 இன்ச் தாழ்வாக இருந்தது. குழாய் நிரம்பியதும் தெருவுக்கு முன்னால் எங்கள் வீட்டில் ஏறியதற்கு அந்த 7 இன்ச்தான் காரணம்.

இதற்கு நான்-ரிட்டர்ன் வால்வு போடலாம், தெருக் குழாயிலிருந்து தண்ணீர் திரும்பி வந்தால் அதன் மடல் மூடிக்கொள்ளும். ஆனால் போடுவதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: வால்வு மூடியிருக்கும் நேரத்தில் உங்கள் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது. மாடியில் இருப்பவர் அப்போது குளித்தால் அந்தத் தண்ணீர் உங்கள் தரைத்தளத்தில்தான் வந்து நிற்கும். எனவே அடுக்குமாடி என்றால் தரைத்தளத்துக்குத் தனி இணைப்பு பிரித்து, அதில் மட்டும் வால்வு போடுங்கள், மேல் தளங்களின் கழிவு வால்வுக்கு அப்பால் சேரட்டும். இன்னொன்று, மடலில் முடியும் நூலும் சிக்கினால் சரியாக மூடாது, ஆகவே புரட்டாசி முடிவதற்குள் ஒரு முறை திறந்து கழுவிவிடுங்கள். வால்வு இல்லாமல் இன்றைக்கு ராத்திரியே சமாளிக்க வேண்டும் என்றால், கனமான பிளாஸ்டிக் பையில் மணல் நிரப்பிக் கட்டி, கழிப்பறைக் கோப்பைக்குள் ஒன்று, ஒவ்வொரு நாணி ட்ராப் மேலும் ஒன்று வையுங்கள். முழுக்க நிறுத்தாது, ஆனால் பொருள்களைத் தூக்கி மேலே வைக்க அவகாசம் கிடைக்கும்.

மழை விட்டுப் பல மணி நேரம் ஆகியும் பல தெருக்களில் ஒரே மட்டமாக நிற்கிறது

சென்னை தட்டையான ஊர். கழிவுநீர் சரிவில் தானாகக் கொஞ்ச தூரம்தான் ஓடும், ஓட ஓடக் குழாய் ஆழமாகிக்கொண்டே போகும், ஒரு கட்டத்தில் மோட்டார் வைத்து இறைத்துத்தான் ஆகவேண்டும். அதற்குத்தான் கழிவுநீர் உந்து நிலையங்கள். அங்கிருந்து கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி போன்ற சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போகிறது. உந்து நிலையத்தில் மின்சாரம் போனாலோ, கம்பிச் சல்லடை குப்பையால் மூடினாலோ, அல்லது வரும் தண்ணீர் மோட்டார் திறனைத் தாண்டினாலோ, அதற்குக் கழிவுநீர் வந்து சேரும் எல்லாத் தெருவும் ஒன்றாக நிரம்பும்.

அடைப்பையும் இதையும் பிரிக்கும் வழி, மேன்ஹோல்களை வரிசையாகப் பார்ப்பது. நீங்களாகத் திறக்கவேண்டாம், வாரிய ஊழியர் திறக்கும்போது கூட நில்லுங்கள். உங்கள் தெருவிலிருந்து தண்ணீர் போகும் திசையில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனால், நிரம்பிய மேன்ஹோலுக்கு அடுத்தது காலியாக இருந்தால் அடைப்பு அந்த இரண்டுக்கும் நடுவில். எல்லாமே கழுத்து வரை நிரம்பியிருந்தால் ஜெட் ராடிங் அடித்துப் பயனில்லை, உந்து நிலையம்தான் பார்க்கப்பட வேண்டும். புகாரில் "எங்கள் தெருவில் அடைப்பு" என்று சொன்னால் லாரி வரும், "அடுத்தடுத்து ஐந்து மேன்ஹோலும் நிரம்பி நிற்கின்றன, தண்ணீர் நகரவே இல்லை" என்று சொன்னால் கேட்பவருக்கு நிலைமை உடனே விளங்கும். அதுவரை துணி துவைப்பதை நிறுத்துங்கள், குளிப்பதைக் குறையுங்கள், மேல் தளத்தில் இருப்பவர்களிடமும் சொல்லுங்கள்.

வெயில் அடித்து மூன்று நாள் ஆகியும் குழாய் நிரம்பியே ஓடுகிறது

இது நிலத்தடி நீர். நல்ல மழைக்குப் பிறகு தாழ்வான பகுதிகளில் நாலடி தோண்டினாலே தண்ணீர் வரும், கழிவுநீர்க் குழாயோ அதற்கும் கீழே முங்கிக் கிடக்கிறது. பழைய தெருக்களில் இருப்பது ஸ்டோன்வேர் குழாய், அதாவது சுட்ட களிமண் குழாய். இரண்டு மூன்று அடிக்கு ஒரு இணைப்பு, சிமென்ட் வைத்துப் பூசியது. 300 அடித் தெருவில் நூறு இணைப்பாவது இருக்கும். ஒவ்வொன்றிலும் நூல் அளவு விரிசல் இருந்தால் போதும். மேன்ஹோலே செங்கல் கட்டடம்தான், அதன் பூச்சு உதிர்ந்தால் சுவர் முழுக்க ஊற்று மாதிரி கசியும்.

இதைப் பார்க்கச் சரியான நேரம் அதிகாலை 3 மணி. ஊரே தூங்கும்போது கழிவுநீர் மெல்லிய ஓடையாகத்தான் இருக்கவேண்டும். அந்த நேரத்திலும் வாசல் சேம்பருக்குப் பக்கத்தில் நின்றால் சலசலவென்று சத்தம் கேட்கிறது, டார்ச் அடித்தால் தண்ணீர் அரிசி கழுவிய முதல் தண்ணீர் போல லேசாகக் கலங்கி, அழுக்கே இல்லாமல் ஓடுகிறது என்றால் அது மண்ணிலிருந்து வருவது.

கசிவை அலட்சியப்படுத்தாதீர்கள், தண்ணீர் தனியாக வருவதில்லை, மணலையும் இழுத்துக்கொண்டு வரும். குழாயைச் சுற்றியுள்ள மண் கரைந்து, மேலே தார் மட்டும் ஓடு மாதிரி நிற்கும், ஒரு நாள் லாரிச் சக்கரம் இறங்கும். மேன்ஹோலைச் சுற்றிச் சாலை தட்டுப் போலக் குழிந்திருப்பது அதன் முதல் அடையாளம். போட்டோ எடுத்து, தேதியோடு, "மழை விட்டு மூன்று நாளுக்குப் பிறகு, அதிகாலை 3 மணிக்கு இந்த அளவு ஓட்டம்" என்று எழுதிக் கொடுத்து, குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே புதுப் பூச்சா, குழாய் மாற்றுவதா என்பது அதைப் பார்த்த பிறகுதான் முடிவாகும். இது ஒரு வாரத்தில் நடக்கும் வேலை இல்லை. கோடையில் செய்யவேண்டியது, ஆகவே கார்த்திகையில் எடுத்த போட்டோவைத் தை மாதமே கையில் வைத்துக்கொண்டு கேட்கத் தொடங்குங்கள்.

மழையே இல்லாத நாளிலும் வருகிறது

அப்போதுதான் அது அடைப்பு. எண்ணெய்ப் பிசுக்கு, நாப்கின், துணி, கட்டட வேலை மணல். ஜெட் ராடிங் அடித்தால் போய்விடும்.

ஒன்று மட்டும். அவசரத்தில் தெரிந்த ஆளைக் கூப்பிட்டு உள்ளே இறங்கச் சொல்லாதீர்கள், தெருவில் மட்டுமல்ல, உங்கள் வளாகத்துச் செப்டிக் டேங்கிலும் கூடாது. உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை வாடை அடிக்கும், அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது, வாயு போய்விட்டது என்று நினைத்து இறங்குபவர் அங்கேயே விழுவார், தூக்கப் போகிற இரண்டாவது ஆளும் விழுவார். ஆபத்தான முறையில் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது, இப்படி இறப்பவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. பணம் என்ன கொடுத்தாலும் அந்த வீட்டுக்கு ஆள் திரும்பி வரப்போவதில்லை. ஒரு ராத்திரி நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் வடிந்த பிறகு சம்ப்பில் வாடை

வாசல் சேம்பருக்கும் குடிநீர் சம்ப்புக்கும் (தரைக்கு அடியில் உள்ள தொட்டி) நடுவில் நான்கைந்து அடிதான் இருக்கும், பல வீடுகளில் அதுவும் இல்லை. சேம்பர் பொங்கினால் சம்ப் மூடியின் இடுக்கு வழியாக உள்ளே போயிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள், வாடை வந்தாலும் வராவிட்டாலும். மோட்டாரைப் போட்டு மேல்தொட்டிக்கு ஏற்றிவிடாதீர்கள், ஏற்றினால் இரண்டையும் கழுவவேண்டும். சம்ப்பை வெளியே இறைத்துக் காலி செய்து, சுவரையும் தரையையும் பிளீச்சிங் பவுடர் கரைசலால் தேய்த்து, கழுவிய தண்ணீரையும் இறைத்துவிட்டு, அப்புறம் புதுத் தண்ணீர் பிடியுங்கள். கழுவும்போது சம்ப் மூடி முழுக்கத் திறந்திருக்கட்டும், மேலே ஒரு ஆள் நிற்கட்டும். குளோரின் வாடை மூச்சை அடைத்தால் உடனே வெளியே வந்துவிடவேண்டும். அந்த வாரம் முழுக்கக் குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள். காலில் வெட்டுக்காயத்தோடு தேங்கிய தண்ணீரில் நடந்தவர்களுக்கு, ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், மருத்துவரிடம் மழைத்தண்ணீரில் நடந்ததைச் சேர்த்துச் சொல்லுங்கள், எலிக் காய்ச்சலா என்று பார்ப்பார்.

சம்ப் மூடியின் விளிம்பை அடுத்த மழைக்குள் தரையிலிருந்து ஒரு அடியாவது உயர்த்திக் கட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் சில வரிசைச் செங்கலும் ஒரு ரப்பர் வளையமும் வைத்தோம், கொத்தனாருக்கு அரை நாள் வேலை.